எலாஸ்ரிக்கா என்ற குழுவும் எமது வீட்டுப் பிள்ளையும்

இலண்டன் மாநகரில் எம்மவர் செறிந்து வாழும் பகுதிகளில் சனிக்கிழமை காலை என்றால் தமிழ்ப் பாடசாலை. மாலை என்றால் மிருதங்கம், வயலின் அல்லது பரதம். பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுக்கவும் பக்கவாத்தியக் கலைஞர்களைத் தாயகத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வரவழைக்கவும் எமது பெற்றோர் பின்னிற்பதில்லை. ஆனால் அதே பிள்ளை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, “எனக்கு மருத்துவமும் வேண்டாம், கணக்கியலும் வேண்டாம், நான் படம் வரையப் போகிறேன், இங்குள்ள பாட்டுக்குழு ஒன்றோடு போகப் போகிறேன்” என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லை.

அந்தப் பெற்றோரின் அச்சம் நியாயமற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. உள்ளதையெல்லாம் விட்டு வந்தவர்களுக்குக் கல்வி ஒன்றே கையில் எடுத்துச் செல்லக்கூடிய சொத்து. எனினும், பிரித்தானிய இசைக்குழு ஒன்றின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும், அக்குழு கலையும் தறுவாயில் அதன் நிழலில் வந்து நின்ற ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் கதையையும் சேர்த்து வாசித்தால், இந்த அச்சத்தைச் சற்று நிதானமாக எடைபோட முடியும் என்று நம்புகிறோம். குழுவின் பெயர் எலாஸ்ரிக்கா. பெண்ணின் பெயர் மாதங்கி அருட்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும்.

‘இன்டி’ என்றால் என்ன?

ஆங்கில இசை உலகில் வழங்கும் ‘இன்டி’ என்ற சொல், சுயாதீனம் என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாகும். ஒரு காலத்தில் இசைத்தட்டு வெளியிடுவது பெரும்பாலும் சில பெரும் நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. 1976இல் மேற்கு இலண்டனின் லாட்புறோக் குறோவ் பகுதியில் ‘றஃப் ட்ரேட்’ என்ற சிறு இசைத்தட்டுக் கடை திறக்கப்பட்டது. 1978இல் அக்கடை தானே தட்டுகளை வெளியிடத் தொடங்கியது. அதே ஆண்டில் மன்செஸ்ரர் நகரில் ‘ஃபக்ரறி’ என்ற வெளியீட்டகம் தோன்றியது. 1980 ஜனவரி முதல் இத்தகைய சிறு வெளியீட்டாளரின் தட்டுகளுக்கெனத் தனியான விற்பனைப் பட்டியலே வரத் தொடங்கிவிட்டது.

எம்மவருக்கு இது விளங்காத சங்கதியன்று. பாரிசிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் பேர்லினிலும் எமது இளைஞர்கள் உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசில் சிறுசஞ்சிகைகளை வெளியிட்டார்கள். கையால் எழுதினார்கள், தட்டச்சில் பொறித்தார்கள், நண்பரின் அலுவலகத்தில் படியெடுத்தார்கள். முந்நூறு பிரதிகள் போனால் மகிழ்ந்தார்கள். இசையில் அதே காரியத்தைச் செய்தவர்களே ‘இன்டி’க்காரர்கள்.

வதைமுகாமிலிருந்து தப்பியவரின் மகள்

எலாஸ்ரிக்காவைத் தொடங்கியவர் ஜஸ்ரீன் ஃபிறிஷ்மன். இவருடைய தந்தையாரான வில்லெம் ஃபிறிஷ்மன், அந்நாளில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் இன்று உக்ரைனுக்கும் உரியதான உஷ்கொரொட் நகரில் பிறந்த யூதர். நாசிகளின் ஒஸ்விற்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். போர் முடிந்தபின் இலண்டனை வந்தடைந்து, கட்டுமானப் பொறியியலாளராகி, இந்நகரின் முகத்தையே மாற்றிய கட்டடங்களில் பங்கெடுத்தார். ரொட்டன்ஹாம் கோர்ட் வீதி முனையில் நிற்கும் சென்ரர் பொயின்ற் கோபுரமும், 1981இல் திறக்கப்பட்டு ஏறத்தாழப் பத்தாண்டுகள் இந்நாட்டின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கிய 183 மீற்றர் உயர நற்வெஸ்ற் கோபுரமும் அவருடைய பொறியியலைத் தாங்கி நிற்பவை. நிலவறை இரயிலில் வேலைக்குப் போய்வரும் எம்மவர் பலர், ஓர் அகதியின் கணக்கில் நிற்கும் கோபுரம் என்று அறியாமலே அவற்றின் கீழால் நாள்தோறும் நடந்து போகின்றனர்.

மகளும் தந்தை வழியில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டடக்கலை பயிலச் சென்றார். அங்கே பிறெற் அன்டர்சன் என்ற மாணவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து 1989இல் தொடங்கிய குழுவே பின்னர் பெரும் புகழ்பெற்ற ‘சுவேட்’. ஆனால் புகழ் வருமுன்னரே, 1991இல், ஜஸ்ரீன் அக்குழுவிலிருந்து விலகிவிட்டார். மறு ஆண்டில், சுவேட்டில் சிறிது காலம் முரசறைந்த ஜஸ்ரின் வெல்ச் என்பவரோடு சேர்ந்து புதுக்குழு அமைத்தார். ஆனி ஹொலன்ட் என்ற பெண் தாழ்சுரக் கிற்றாருக்கு வந்தார். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த டொனா மத்தியூஸ், இசைவார இதழொன்றில் வந்த விளம்பரத்தைப் பார்த்து வந்து சேர்ந்தார். மூன்று பெண்கள், ஓர் ஆண். ஆண்களே கிற்றார் ஏந்தி மேடையை நிறைத்த அக்காலத்தில் இது கண்ணில் படும் மாறுதல்.

ஏற்றமும் வழக்கும்

1993இன் பிற்பகுதியில் ‘டிசெப்ரிவ்’ என்ற சிறிய சுயாதீன வெளியீட்டகம் அவர்களின் முதல் தட்டைக் கொண்டுவந்தது. அவ்வெளியீட்டகத்தை நடத்தியோரில் ஒருவர் பி.பி.சி. வானொலியின் அறிவிப்பாளர் ஸ்ரீவ் லமாக். 1994இல் இரண்டு பாடல்கள் விற்பனைப் பட்டியலின் முதல் இருபதுக்குள் வந்தன. 1995 மார்ச்சில் குழுவின் பெயரையே தலைப்பாகத் தாங்கிய முதல் இசைத்தொகுதி வெளிவந்து, வந்த வாரத்திலேயே பிரித்தானியப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. முந்திய ஆண்டில் ‘ஒயாசிஸ்’ குழுவின் முதல் தொகுதி விற்ற வேகத்துக்குப் பின்னர் இவ்வளவு விரைவாக விற்ற முதல் தொகுதி இதுவே என்று அப்போது பேசப்பட்டது. பதினைந்து பாடல்கள், மொத்தம் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிடும் பாடல்கள் அவை. அவ்வாண்டு மேர்க்குரிப் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் அத்தொகுதி இடம்பெற்றது.

ஆனால் தட்டு கடைக்கு வருமுன்னரே வழக்கு வந்துவிட்டது. 1970களில் இயங்கிய ‘வயர்’, ‘ஸ்ராங்ளேர்ஸ்’ என்னும் இரு குழுக்களின் பாடல்களிலிருந்து எலாஸ்ரிக்கா மெட்டுகளை எடுத்துக்கொண்டதாக அவற்றின் உரிமையாளர்கள் முறையிட்டனர். கேட்டவர் காதுக்கு அந்த ஒற்றுமை மறைவாக இருக்கவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் காணப்பட்டு, வருமானத்தில் பங்கு கொடுக்கப்பட்டது. முன்னோரிடம் கடன்படாத கலைஞர் எவருமில்லை. ஆனால் பட்ட கடனைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வதா, பிடிபட்ட பின் கட்டுவதா என்பதில்தான் மதிப்பு நிற்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இக்கதையில் அது மீண்டும் வரும்.

1995 கோடையில் அமெரிக்காவின் ‘லொலப்பலூசா’ ஊர்சுற்றும் இசைவிழாவில் குழு இணைந்தது. ஓய்வில்லாத பயணம் உடலையும் உறவையும் தின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் ஆனி ஹொலன்ட் களைத்துப்போய் விலகினார். அடுத்த தொகுதி எப்போது வரும் என்று எல்லோரும் கேட்டார்கள், அது வரவேயில்லை. பாடல்கள் பதிவாகிக் கைவிடப்பட்டன. ஆட்கள் மாறினார்கள். போதைப்பொருள் குழுவுக்குள் புகுந்ததைப் பின்னாளில் அதன் உறுப்பினர்களே ஒளிக்காமல் பேசியிருக்கிறார்கள். டொனா மத்தியூஸ் விலகினார். ‘புளர்’ குழுவின் பாடகர் டேமன் அல்பார்னுக்கும் ஜஸ்ரீனுக்கும் இடையில் நெடுநாள் இருந்த உறவு 1998இல் முறிந்தது. எமது பெற்றோர் எதற்கு அஞ்சுகின்றனரோ அதெல்லாம் இங்கே நடந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறோம். இருபத்தைந்து வயதில் முதலிடம். முப்பது வயதில் வெறும் மேடை.

முதல் தொகுதிக்கு ஐந்தாண்டுகளின் பின்னர், 2000 ஏப்ரலில், இரண்டாவது தொகுதியாகிய ‘த மெனஸ்’ வெளிவந்தது. அது பட்டியலில் 24ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. 2001இல் குழு கலைந்தது. ஆங்கில இசை வரலாற்றை எழுதுவோர் பலர் எலாஸ்ரிக்காவின் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுகின்றனர். எமக்கு அது இங்கேதான் தொடங்குகிறது. ஏனெனில் அந்த இரண்டாவது தொகுதியின் அட்டையை வடிவமைத்தவர் எமது பெண்.

மிச்சத்திலிருந்து ஒரு மாணவி

மாதங்கி 1975 ஜூலை 18ஆம் நாள் மேற்கு இலண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்தார். தந்தையார் அருட்பிரகாசம், ‘அருளர்’ என்ற பெயரில் ஈரோஸ் இயக்கத்தை அதே 1975இல் இலண்டனில் தொடங்கியோரில் ஒருவர். 1977 வன்செயலில் அகதிகளாகிக் கப்பலில் வடக்கு நோக்கிச் சென்ற மக்களைப் பற்றி அவர் எழுதிய ‘லங்கா ராணி’ நாவலை வாசித்தவர்கள் எம்மிடையே பலர் இருப்பர். பிள்ளைக்கு ஆறு மாதமானபோது குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. தந்தை தலைமறைவு வாழ்க்கை. வீட்டுக்கு வரும்போது, பாதுகாப்புக் கருதி, பிள்ளைகளுக்கு ‘மாமா’ என்றே அறிமுகமானார் என்று மகள் பின்னர் கூறியிருக்கிறார். போர், குண்டுவீச்சு, இடப்பெயர்வு, சிறிது காலம் சென்னை, மீண்டும் யாழ்ப்பாணம். இறுதியில் 1986இல், பதினொராவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பாக, தாயுடனும் உடன்பிறந்தாருடனும் அகதியாக இலண்டன் வந்து சேர்ந்தார். தந்தை உடன் வரவில்லை.

தென் இலண்டனின் மிச்சம் பகுதியிலுள்ள ஃபிப்ஸ் பிறிட்ஜ் கவுன்சில் தொடர்மாடியில் அவர்களுக்கு வீடு கிடைத்தது. அங்கிருந்த மிகச்சில ஆசியக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. நிறவெறிக் கூச்சல் வாசலிலேயே நின்றது. வீட்டிலிருந்த வானொலிப் பெட்டி களவு போய்விட, அயல்வீட்டிலிருந்து வந்த கறுப்பின இளைஞர்களின் ‘ஹிப்ஹொப்’ இசையைச் சுவர் வழியே கேட்டு வளர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். பாட்டின் சொற்கள் விளங்குமுன்னரே அதன் தாளம் விளங்கியது. தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

பாடசாலை முடித்த மாதங்கி, புகழ்பெற்ற சென்ற் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படமும் கலையும் பயின்றார். முறையான விண்ணப்பம் எதுவுமின்றி, பொறுப்பாளரை விடாது வற்புறுத்தியே இடம் பிடித்ததாக அவரே கூறியதுண்டு. இங்கே ஓர் உண்மையைக் குறித்துவைக்க வேண்டும். 1998 வரை இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவர் படிப்புக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. கவுன்சில் வீடும் கட்டணமில்லாக் கல்வியும் இல்லாதிருந்தால், தையற்காரியின் மகள் திரைப்படக் கருவியைத் தொட்டிருப்பாரா என்பது ஐயமே.

1999 அளவில் மாதங்கிக்கும் ஜஸ்ரீனுக்கும் அறிமுகம் ஏற்பட்டது. ஒருவர் நாசி முகாமிலிருந்து தப்பியவரின் மகள். மற்றவர் யாழ்ப்பாணத்துக் குண்டுகளுக்குத் தப்பியவர். இந்த ஒற்றுமைதான் அவர்களை நண்பர்களாக்கியது என்று நாம் துணிந்து சொல்ல முடியாது. ஆயினும், தகப்பனின் மௌனத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு வீட்டின் மௌனம் விளங்கியிருக்கும் என எண்ண இடமுண்டு.

ஒரு சிறு இயந்திரம்

ஜஸ்ரீன் தமது புதுத்தொகுதியின் அட்டைப்பட வேலையை இந்த இளம் மாணவியிடம் ஒப்படைத்தார். தொகுதியிலிருந்த ஒரு பாடலுக்கான காணொளியையும் அவரே இயக்கினார். பின்னர் குழு அமெரிக்காவைச் சுற்றிவந்தபோது, அப்பயணத்தைப் படம்பிடிக்க மாதங்கி கூடவே சென்றார். உடைந்துகொண்டிருக்கும் ஒரு குழுவைக் காமெராவின் பின்னிருந்து பார்த்த அந்த மாதங்கள், எந்தக் கல்லூரியும் தராத பாடம்.

அப்பயணத்தில் குழுவுக்கு முன்னர் மேடையேறியவர் ‘பீச்சஸ்’ என்ற கனடா நாட்டுப் பாடகி. அவருக்கு வாத்தியக்காரர் எவருமில்லை. ‘ரோலன்ட் எம்.சி. 505’ என்ற ஒரேயொரு இயந்திரம். மேசைமேல் வைக்கக்கூடிய அப்பெட்டியில் முரசொலியும் தாழ்சுரமும் பிற ஒலிகளும் அடங்கியிருக்கும். பொத்தான்களை அழுத்தித் தாளத்தை ஒழுங்குசெய்துவிட்டால், அது திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டேயிருக்கும். அதன்மேல் பாட வேண்டியதுதான். இசை படிக்காத ஒருவரும் தனியொருவராகப் பாட்டுக் கட்டலாம் என்பதை மாதங்கி அங்கே கண்டார்.

அதற்குள் அவர் ஓவியத்திலும் தடம் பதித்திருந்தார். 2001இல் காமெராவோடு இலங்கை சென்று எமது இளைஞர்களைப் படம்பிடித்தார். அந்தப் படங்களிலிருந்தும் போரின் சின்னங்களிலிருந்தும் அச்சுத்தகடு வெட்டி, பளிச்சென்ற வண்ணங்களைத் தெளித்து ஓவியங்கள் செய்தார். அவை போர்ட்டபெல்லோ வீதியிலுள்ள ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. நடிகர் ஜூட் லோ அவற்றில் வாங்கினார் என்ற செய்தியும் வந்தது. தாயகத்தில் காணாமற்போன உறவினர் ஒருவரின் நினைவே, போரில் காணாமற்போனவர் என்று பொருள்தரும் எம்.ஐ.ஏ. என்ற பெயராயிற்று. இலண்டனின் அக்ரன் பகுதியில் காணாமற்போனவர் என்றும் அதை வேடிக்கையாக விரிக்கலாம். துயரையும் பகிடியையும் ஒரே சொல்லில் கட்டுவது எம்மவர்க்குப் புதிதன்று.

குழு கலைந்தபின் தோழியர் இருவரும் கரிபியன் கடலிலுள்ள பெக்குவே தீவுக்கு ஓய்வுக்குச் சென்றனர். ஜஸ்ரீனுடைய 505 இயந்திரத்தை மாதங்கி கையிலெடுத்துப் பழகத் தொடங்கினார். இலண்டன் திரும்பியதும், மேற்கு இலண்டனில் ஜஸ்ரீனின் வீட்டு அறையில் இருந்துகொண்டே, அவ்வியந்திரத்தோடும் பழைய நான்குதட ஒலிப்பதிவுக் கருவி ஒன்றோடும் ஆறு பாடல்களைப் பதிவு செய்தார். பாட வேறொருவரைத் தேடிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தார். கடைசியில் தாமே பாடினார்.

ஐந்நூறு தட்டுகள்

அவ்வாறு பிறந்த பாடல்களில் ஒன்று ‘கலாங்’. ஜமேக்காத் தீவினரின் பேச்சில் ‘தொடர்ந்து போ’ என்பது அதன் பொருள். எழுதியோர் வரிசையில் மாதங்கியின் பெயருடன் ஜஸ்ரீன் ஃபிறிஷ்மன், றொஸ் ஓர்ட்டன், ‘பல்ப்’ குழுவின் தாழ்சுரக் கிற்றார்க் கலைஞர் ஸ்ரீவ் மக்கி ஆகியோரின் பெயர்களும் உள்ளன. கலைந்துபோன குழுவொன்றின் தலைவியும், புகழின் உச்சத்தைக் கண்ட இன்னொரு குழுவின் கலைஞரும், பெயரறியாத ஓர் அகதிப் பெண்ணின் முதற்பாட்டுக்குத் தோள் கொடுத்தார்கள். 2003இல் ‘ஷோபிஸ்’ என்ற சிறு வெளியீட்டகம் அதில் அச்சிட்டது 500 தட்டுகள். எமது சிறுசஞ்சிகைகளின் கணக்கும் ஏறத்தாழ அதுவே அல்லவா?

அந்த 500 தட்டுகள் நடன மண்டபங்களுக்குச் சென்றன, அங்கிருந்து ‘எக்ஸ்.எல்.’ என்ற சுயாதீன நிறுவனத்தின் காதுக்குச் சென்றன. ஒப்பந்தம் வந்தது. 2005 மார்ச்சில் முதல் தொகுதி வெளியாயிற்று. அதன் பெயர் ‘அருளர்’. விலகி நின்ற தந்தையின் இயக்கப் பெயரையே மகள் தம் முதற்படைப்புக்குச் சூட்டினார். அதை மாற்றும்படி தந்தை கேட்டதாகவும் தாம் இணங்கவில்லை எனவும் மகள் கூறியிருக்கிறார். எலாஸ்ரிக்கா மேர்க்குரிப் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது 1995இல். அதே பட்டியலில் ‘அருளர்’ இடம்பெற்றது 2005இல்.

விசாவும் பாட்டும்

இரண்டாவது தொகுதியை அமெரிக்காவில் ஆக்குவதென்று திட்டம். 2006இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. எம்மில் எத்தனை பேர் இந்த வாசலில் நின்றிருக்கிறோம்! வாசல் மூடினால் வேறு வழி பார்ப்பதுதான் அகதியின் இயல்பு. அவர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு இந்தியா, லைபீரியா, ட்ரினிடாட், அவுஸ்திரேலியா என்று ஊர் ஊராகச் சென்றார். சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக் கூடத்தில் உறுமி மேளக்காரரை வைத்துத் தாளம் பதிவு செய்தார். கோயில் திருவிழாக்களில் ஒலித்த உறுமி, நியூயோர்க்கின் நடன மண்டபங்களில் ஒலித்தது அப்படித்தான். 2007 ஓகஸ்ட்டில் வெளிவந்த அத்தொகுதிக்குத் தாயின் பெயர்: ‘கலா’.

அதிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடல் கடவுச்சீட்டையும் விசாவையும், குடியேறியவர் என்றாலே திருடர் என்று நடுங்குவோரையும் எள்ளி நகையாடுவது. பல்லவியில் சொல் நிற்கவேண்டிய இடத்தில் துப்பாக்கி வேட்டும் காசுப்பெட்டியின் மணியும் ஒலிக்கும். 2008இல் அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. அப்பாட்டின் இசையடித்தளம் ‘த கிளாஷ்’ என்ற பழைய இலண்டன் குழு 1982இல் வெளியிட்ட பாடலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அக்குழுவினரின் பெயர்களும் பாட்டின் ஆக்கியோர் வரிசையில் முறையாக உள்ளன. எலாஸ்ரிக்கா வழக்கில் கற்ற பாடம் இது என்று நாம் கூறவில்லை. ஆனால் கடனைப் பெயர் சொல்லி ஏற்கும் வழி இது என்பதைக் குறிக்கத்தான் முன்னர் நினைவில் வைக்கச் சொன்னோம்.

2009 பெப்ரவரியில், நிறைமாதக் கர்ப்பிணியாக, அவர் கிறமி விருது மேடையில் பாடினார். ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்துக்காக ரகுமானுடன் இணைந்து ஆக்கிய பாடல் அதே ஆண்டு ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த நாட்களில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை எமது வாசகர் எவரும் மறக்கார். ஏப்ரல் முதல் ஜூன்வரை எம்மக்கள் இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் இரவுபகலாக நின்றார்கள். அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிடைத்த நிமிடங்களில் அங்குள்ள பொதுமக்களின் அவலத்தைப் பேசினார். அதற்காகப் பழிச்சொல்லும் கேட்டார். பாடகிக்கு அரசியல் எதற்கு என்றார்கள் சிலர். பகட்டு வாழ்வோடு எழுச்சி பேசுகிறார் என்றார்கள் வேறு சிலர். அண்மைக் காலத்தில் அவர் வேறு விடயங்களில் வெளியிட்ட சில கருத்துகள் எம்மிலேயே பலருக்கு ஒவ்வாதவை. அவரைக் கோயிலில் வைத்து வணங்க வேண்டியதில்லை. அவர் நடந்த வழியை அறிந்திருப்பது போதும்.

பதக்கம் தைத்த கைகள்

2019இல் பிரித்தானிய அரசின் எம்.பி.ஈ. விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. 2020 ஜனவரியில் பக்கிங்ஹாம் அரண்மனையில் இளவரசர் வில்லியம் அதை அணிவித்தார். அதனை ஏற்றுக்கொண்டமைக்கு அவர் கூறிய காரணம் எமது தாய்மார் அறியவேண்டியது. 1986இல் அகதியாக வந்த அவருடைய தாயார், ஆங்கிலம் தெரியாதவர்க்குக் கிடைக்கக்கூடியதாக இருந்த வேலை என்று ஏற்றுக்கொண்டது, அரசு வழங்கும் இத்தகைய பதக்கங்களின் நாடாவைக் கையால் தைக்கும் தொழிலை. முப்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கில் தைத்தார், கூலியோ ஆகக்குறைந்தது. அந்தத் தாயின் உழைப்பைக் கௌரவிக்கவே தாம் விருதை ஏற்பதாக மகள் அறிவித்தார்.

தகப்பன் பெயரில் முதற்தொகுதி, தாய் பெயரில் இரண்டாந்தொகுதி, தாய் தைத்த பதக்கம் மகளின் மார்பில். ஆங்கிலப் பாட்டுக்குழுவோடு போனால் பிள்ளை எம்மை மறந்துவிடும் என்று அஞ்சுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை அருளர் 2019 டிசெம்பரில் காலமானார்.

அவர்கள் போன திசைகள்

எலாஸ்ரிக்காவின் மற்றையோர் என்ன ஆனார்கள்? ஜஸ்ரீன் ஃபிறிஷ்மன் சிறிது காலம் தொலைக்காட்சியில் கட்டடக்கலை நிகழ்ச்சி வழங்கியபின், 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்கா சென்று, கொலராடோவில் கலை பயின்று, கலிபோர்னியாவில் ஓவியராக வாழ்க்கை அமைத்துக்கொண்டார். டொனா மத்தியூஸ் போதையிலிருந்து மீண்டு இறைநம்பிக்கையின் வழியைத் தேர்ந்தார். ஜஸ்ரின் வெல்ச் முரசை விடவில்லை. 2015இல் மீண்டும் கூடிய ‘லஷ்’ குழுவுக்கும் பின்னர் வேறு குழுக்களுக்கும் முரசறைந்தார். ‘கலாங்’ பாட்டில் பங்கெடுத்த ஸ்ரீவ் மக்கி 2023இல் மறைந்தார். மாதங்கியின் ஆறாவது தொகுதி ‘மாதா’ 2022இல் வெளிவந்தது.

எலாஸ்ரிக்கா வெளியிட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு. கணக்குப் பார்ப்போர் அதைத் தோல்வி என்பர். ஆனால் அதன் தலைவி தம் புகழ் சரிந்துகொண்டிருந்த நாட்களில் ஓர் இளம் பெண்ணுக்கு வேலை கொடுத்தார், வீட்டில் அறை கொடுத்தார், தம் இயந்திரத்தைக் கொடுத்தார், உன்னால் முடியும் என்றும் சொன்னார். இதில் பெரும்பணம் எதுவும் இல்லை. எமது சமூகத்தில் வசதி படைத்தோர் இன்று ஏராளம். மண்டபங்களும் சங்கங்களும் உண்டு. மருத்துவராகப் போகும் பிள்ளைக்குப் பரிசு கொடுக்கிறோம். படம் வரையும் பிள்ளைக்கு ஓர் அறையைக் கொடுத்திருக்கிறோமா? மாதங்கியின் திறமையை முதலில் கண்டு கதவைத் திறந்தவர் எம்மவர் அல்லர் என்பது எமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

கதவு இன்று முன்னையிலும் ஒடுக்கமானது. பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு 9,000 பவுணைக் கடந்துவிட்டது. அகதிக் கோரிக்கை முடிவாகாத பிள்ளைகளுக்கு அரசின் மாணவர் கடன் கிடைப்பதில்லை. எனினும், இந்நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் அகதிகளுக்கும் புகலிடம் கோருவோருக்கும் என்று தனிப் புலமைப்பரிசில்களை வழங்குகின்றன. கலைத்துறைக்கும் அவை உண்டு. பிள்ளையின் பாடசாலை ஆசிரியரிடமும் பல்கலைக்கழக அனுமதிப் பிரிவிடமும் கேட்டறியத் தயங்க வேண்டாம். வெட்கப்பட்டுக் கேளாதிருந்து இழந்தவை எம்மவரிடம் ஏற்கெனவே போதியளவு உள்ளன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புகழ் ஐந்தாண்டில் கரையும், போதை வாசலில் நிற்கும், மெட்டுக்கு வழக்கு வரும் என்பதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லுங்கள். எலாஸ்ரிக்காவின் கதை அதற்குச் சான்று. சொன்னபின், அடுத்த சனிக்கிழமை மிருதங்க வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம், காதில் மாட்டியிருக்கும் கருவியில் என்ன பாட்டுக் கேட்கிறாய் என்று ஒருமுறை கேளுங்கள். பதில் சொல்லும்போது அந்த முகத்தையும் பாருங்கள்.